சீட்டின் உயரம்

ஜப்பானின் ஹமமட்சு நகர மோட்டார் சைக்கிள் ஆலையில், மலைப்பாதையிலும் நெடுந்தூரம் ஓடக்கூடிய ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றை இனாகாகி உருவாக்கிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக ஞாயிறும் அவருக்கு ஆலைதான். வீட்டுக்கு வந்தால் மனைவி மித்சுவே வண்டியைப் பற்றித்தான் கேட்பாள். அவர்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சு அது ஒன்றுதான்.

"உதைச்சுக் கிளப்புறது கஷ்டமாச்சேங்க. பொத்தான் வைக்கக்கூடாதா?"

யோசித்தார், வைத்தார்.

"சீட் ஏன் இவ்வளவு உசரம்? குள்ளமானவங்க ஓட்ட வேணாமா?"

அதையும் தாழ்த்தினார்.

"பாதி வண்டி என் பொண்டாட்டி யோசனைய்யா!" என்று ஆலையில் பீற்றிக்கொண்டார்.

வண்டி வெற்றிகரமாக முடிந்தது. முதல் வண்டியை ஆலை அவருக்கே பரிசளித்தது. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மறுநாள், மித்சுவேயைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரைக்குப் போகலாமென்று வெளிச்சத்திலேயே வீடு திரும்பினார். வாசலில் வண்டி இல்லை. உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"நான்தாங்க. கப்பல்துறையில இருக்கேன், வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போறேன். வண்டி அருமையா ஓடுது."

"உனக்கு... ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமையில எனக்கு வேறென்ன வேலை?"

"எப்ப திரும்பி வருவே?"

"தெரியலைங்க. சோறு ஆக்கி வச்சிருக்கேன், சாப்பிடுங்க. தனியா உக்காந்து சாப்பிட முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்."