மூடிய சேற்றுக்குழி

தெரணியகலைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம் சித்திரை வெயில் கொதிக்கிறது. மூக்கையா மம்பட்டியால் மண்ணை வெட்டி வெட்டி வெளியே எறிகிறார். போன வாரம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, பன்றி புரளும் இந்தச் சேற்றுக்குழியைக் கல்லும் மண்ணும் போட்டு மூடியவர் அவரேதான். இப்போது சினைப்பன்றி பலாமரத்தடியில் வாய் பிளந்து சாய்ந்து கிடக்கிறது. விலா ஏறி இறங்கும் வேகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. மனைவி அழகம்மா மலையிலிருந்து பீலியில் வழியும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொண்டுவந்து குழியில் ஊற்றுகிறாள். "பன்னிக்கு வேர்க்காதுங்க, சேத்துல பொரண்டாத்தான் சூடு தணியும்னு அன்னைக்கே சொன்னேனே!" மண் குழைந்ததும் இருவருமாகக் காலைப் பிடித்து இழுத்து அதைச் சேற்றில் கிடத்துகிறார்கள். இரு கையாலும் சேற்றை அள்ளி அதன் காதிலும் கழுத்திலும் வயிற்றிலும் பூசுகிறார் மூக்கையா. "ஏந்திரு தாயி, ஏந்திரு" என்கிறார். விலா ஏறி இறங்குவது நின்றுவிடுகிறது. ஆனால் அவருடைய உள்ளங்கைக்குக் கீழே, வயிற்றுக்குள், குட்டி ஒன்று உதைக்கிறது. "போதுங்க, போயிருச்சு" என்கிறாள் அழகம்மா. கொஞ்ச நேரத்தில் அந்த உதையும் நின்றுபோகிறது. அவர் கையை எடுக்கவில்லை.