கறுப்புப் பென்சில் கேட்ட வீடு

முறத்தில் முருங்கைக்கீரை பாதிதான் உருவியிருக்கிறேன். பாப்பா தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் இந்தக் கதையை எழுதிவிட வேண்டும்.

பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலும் பச்சைப் பென்சிலும் கறுப்புப் பென்சிலும் சேர்ந்து, எங்கேயும் இல்லாத ஓர் உலகத்துக்கு வரைபடம் போட்டன. கறுப்புதான் எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக் கொடுத்தது.

"ஓரமா எனக்கு ஒரு சின்ன வீடு போட்டுக்கிறேனே" என்றது கறுப்பு.

"வீடு எங்க ஓடிப்போகுது? முதல்ல என் கடலுக்குத் திமிங்கலம் போட்டுக் குடு" என்றது நீலம்.

போட்டுக் கொடுத்தது. பச்சை தன் காட்டுக்கு யானைகள் கேட்டது. அதையும் போட்டுவிட்டு, கறுப்பு ஓரத்தில் தன் வீட்டையும் வரைந்துகொண்டது. ஆனால் கடலைப் பெரிசாக்க இடம் போதவில்லை. கலர் ரப்பருக்கு அழியாது, கறுப்புக் கோடுதான் அழியும். அதனால் நீலமும் பச்சையும் வீட்டை அழித்தன.

"நீயே தேய்ஞ்சு கட்டையாயிட்ட. உனக்கு எதுக்குடி தனி வீடு?" என்று பச்சை சிரித்தது.

கறுப்பு யானைகளுக்குக் கண் வைத்தது. மற்ற இரண்டும் டப்பாவுக்குள் போய்ப் படுத்ததும் தாளைத் திருப்பியது. ஒன்றாம் தேதிக்கு முன்னால் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் சுவர் எழுப்பி, கூரை போட்டது. கதவுதான் பாக்கி. உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவாக இருக்கட்டும் என்று நினைத்து, முனை உடையாமல் மெதுவாக

"தேன்மொழி, பிள்ளை அழுவுது, காதுல விழலையா?"

வந்துட்டேன் அத்தே. கறுப்பு அந்தத் தாழ்ப்பாளை