கடப்பாக் கல்லின் கருப்பு

தேய்த்தாள்.

உப்புத்தாள் கிழிந்தது. அடுத்ததை எடுத்தாள். நகக்கண் பிய்ந்தது தெரியாமல் தேய்த்தாள்.

கூடத்தின் நடுவே, கடப்பாக் கல்லில், ஓர் ஆளின் தலை அளவுக்கு வெள்ளை.

முதலில் அது சிவப்பாக இருந்தது. கழுவியதும் பழுப்பானது. எத்தனை வாளி ஊற்றியும் அந்தப் பழுப்பு போகவில்லை. பயத்தில், கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கவிழ்த்தாள்.

நுரைத்தது. பொங்கியது. ரத்தம் போய்விட்டது.

கூடவே கல்லின் கருப்பும்.

வாசல் கதவு படீரென்று திறந்தது. கொழுந்தன் வனராஜ். தரையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"கூறு இருக்கா மதினி? கடப்பாவுல போயி ஆசிட்டா? இந்தா இங்கதான் விழுந்தான்னு சுண்ணாம்பு வச்சு வட்டம் போட்ட மாதிரில்ல இருக்கு!"

"ரத்தம் போகலயே தம்பி…"

"மெல்லப் பேசுங்க. அம்மா காதுல விழப்போகுது."

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்திருந்தான். அவள் புருஷன் மகாலிங்கம் அங்கே பிணவறையில் கிடந்தான். விடியும்போது பைபாஸ் ஓரத்தில், கவிழ்ந்த பைக்குக்குப் பக்கத்தில், மண்டை பிளந்து கிடந்தவன்.

பைபாஸில் கொண்டுபோய்ப் போட்டவன் வனராஜ். கூடப்பிறந்த தம்பி.

"லாரி அடிச்சதுன்னா ரோட்டுல ரத்தம் எங்கடாங்குறாரு எஸ்.ஐ. ஜீப்பு கெளம்பிருச்சு."

அவளை இழுத்துத் தள்ளினான். சுவரில் போய் மோதினாள். அவன் மண்டியிட்டு, உப்புத்தாளை முஷ்டியில் சுற்றி, கல்லைக் குத்துவதுபோல் தேய்த்தான். விரல் மூட்டுகளில் தோல் வழன்றது.

அண்ணன் ரத்தம் போன இடத்தில் தம்பியின் ரத்தம்.

துடைத்தான். "எண்ணெய்! சுடவச்சுக் கொண்டாங்க!"

தேங்காய் எண்ணெய் புகைந்துகொண்டு வந்தது. அப்படியே ஊற்றினான். கை வெந்தது. விடவில்லை. பழந்துணியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான்.

கல் குடித்தது.

வெள்ளை சாம்பலானது. சாம்பல் மங்கி, கருப்பு மேலே வந்தது. பதித்த அன்று இருந்த கருப்பு.

இருவரும் மூச்சு விட்டார்கள்.

பிறகுதான் பார்த்தார்கள்.

சுற்றிலும் கால்பட்டுக் கால்பட்டுத் தரை நரைத்துக் கிடந்தது. நடுவில் அந்த இடம் மட்டும், அப்போதுதான் தோண்டிய குழி மாதிரி.

"முழுசும் தேய்க்கணும்," என்றாள்.

எண்ணெய் டின்னைக் கவிழ்த்தார்கள். அவள் அந்த மூலை, அவன் இந்த மூலை. நாலு காலில் ஊர்ந்தார்கள். தலையோடு தலை முட்டியது. கடைசிக் கல்லை அவள் துடைத்தபோது தெருவில் ஜீப் நின்றது.

எஸ்.ஐ. வாசற்படி தாண்டினார். பூட்ஸ் வழுக்கியது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

சுவரோரம் வரை ஒரே கருப்பு. ஒரு புள்ளி இல்லை. அவர் முகம் அதில் தெரிந்தது.

அந்த முகம் சிரித்தது.

"பொணத்த இன்னும் அறுத்தே முடிக்கல. எழவு வீட்டுல பொணம் எடுக்குற மட்டும் ஒருத்தனும் கூட்டிப் பெருக்க வாரியலத் தொடமாட்டான். நீங்க தரைக்கு மெருகு போடுறீங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அறை விழுந்தது. வனராஜ் உருண்டான். லத்தி அவன் விலாவில் இறங்கியது. முதுகில். மறுபடி விலாவில்.

"மதினியும் கொழுந்தனும் சேந்து ஆள முடிச்சிருக்கீங்க. எத்தன நாளாடா நடக்குது?"

அந்தப் பழியையும் அவன் மறுக்கவில்லை. வாயிலிருந்து வழிந்ததைத் துப்பினான்.

"நாந்தான் சார். மதினிக்கு ஒண்ணும் தெரியாது."

"தம்பி பொய் சொல்லுது," என்றாள் அவள். "நாந்தான்."

"அடேங்கப்பா! என்னா பாசம்!"

அவள் கொண்டையைப் பிடித்தார். அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். இருவரையும் எண்ணெய்த் தரையில் வாசல் பக்கம் இழுத்தார். அவர்கள் முரண்டு பிடிக்கவில்லை. சீக்கிரம் போனால் போதும் என்பதுபோல் கூடவே போனார்கள்.

உள் அறைக் கதவு திறந்தது.

மகாலிங்கத்தின் அம்மா. அவள் மாமியார்.

லத்திக்குக் கத்தாத வனராஜ் அலறினான். "அம்மா, உள்ள போ!"

"அத்தை, வேணாம். ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். வேணாம்."

கிழவி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். சுவரை விட்டாள். கூடத்தின் நடுவுக்கு வந்து, யாரும் காட்டாமலே, அந்த ஒரு கல்லில் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் அதைத் தடவினாள்.

எஸ்.ஐ.யை நிமிர்ந்து பார்த்தாள்.

"கழுத்த விடுறா, அவ செத்துருவா, விடுறான்னு எவ்வளவு கத்துனேன்யா. கேக்கலயே எம் மகன். வளத்த இந்தக் கைதான்யா ஓங்குச்சு."