நீலக் கோடு

மதிய வெயில் திரையில் விழாதபடி ஜன்னலைப் போர்வையால் மூடியிருக்கிறாள் அக்கா. அவள் உருவாக்கும் விண்கல விளையாட்டில், வழிகாட்டப் புதிதாக வரைந்த நீலக் கோடு இருட்டில் பட்டு நூல் போல மின்னுகிறது. ஓட்டிப் பார்ப்பவன் தம்பி. பிழைப்புக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறான். நேற்று, கோடு இல்லாதபோது, நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பாறை பாறையாக விலகிப் போனவன், இன்று சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் கடிக்கிறான். கவனிக்கிறானா பார்ப்போம் என்று, அவனிடம் சொல்லாமல் கோட்டைச் சூரியனுக்குள் திருப்பிவிடுகிறாள். மஞ்சள் வெளிச்சம் அவன் கன்னத்தில் ஏறுகிறது, நெற்றியில் ஏறுகிறது, பல்கூட மஞ்சளாகிறது. வேகம் குறையவில்லை. “முன்னாடி என்னடா இருக்கு?” “கோடு இருக்குல்ல.” “அதுக்கு அந்தப் பக்கம்?” “அதெல்லாம் நான் எதுக்குக்கா பாக்கணும்? வழிதான் பளிச்சுன்னு தெரியுதே.” விண்கலம் சூரியனுக்குள் விழ, திரை வெளுத்து அணைகிறது. அவன் சிரித்தபடி பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு வேன் சாவியை எடுக்கிறான். “ஸ்கூல் விடுற நேரமாச்சு. ரோட்டுல ஏதோ வேலை நடக்குதாம், இன்னிக்குப் புது வழி. உன் பொண்ணக் கடைசியாத்தான் இறக்கிவிடுவேன்.” படியிறங்கும்போதே அவன் கண் கையிலிருக்கும் செல்போன் மேப்பில் இருக்கிறது. அதிலும் ஒரு நீலக் கோடு.