மொட்டைக் கடிதம்

வங்கித் தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாளே லயனல் லண்டனில் ரயிலேறி யார்க்‌ஷயருக்குப் போனார். அவரோடு ஒரே நாளில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வுபெற்ற வில்ஃப்ரெட்டின் வீடு அங்கேதான் இருந்தது.

வில்ஃப்ரெட் டீ ஊற்றிக் கொடுத்தார். "என்ன, சேர்மன் துரைக்குத் திடீர்னு என் ஞாபகம்?"

லயனல் கோப்பையைத் தொடவில்லை. "மேனேஜர் வேலைக்கு நம்ம ரெண்டு பேர் பேரும் போச்சே, அப்போ நீ குடிகாரன்னு டைரக்டருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சில்ல? எழுதினது நான்தான், வில்ஃப். நீ ஒரு சொட்டு தொட்டதில்லைன்னு தெரிஞ்சே எழுதினேன். நாப்பது வருஷமா உறுத்துது."

"தெரியும்."

"தெரியுமா?"

"டைரக்டர் என்கிட்டயே காட்டினார். பக்கத்து மேஜைக்காரன் நான், உன் கையெழுத்து தெரியாதா? 'இது பொய்னா சொல்லு, எழுதினவனைக் கண்டுபிடிச்சு வீட்டுக்கு அனுப்பிடறேன்'னார். உன் பெண்டாட்டி அப்போ நிறைமாசம்."

"நீ என்ன சொன்னே?"

"'நிஜம்தான் சார், குடிக்கிறேன்'னு சொல்லிட்டேன்."