பெண், வயது ஏழு

"பேரு என்ன மக்கா?" என்று கேட்டார் செல்வதாஸ்.

பிரிஜாவுக்குத் தெரியவில்லை.

கோட்டாற்றுக்குப் பக்கத்தில் அவர்களுடைய கத்தோலிக்கப் பங்குக் கோயில். செத்தவர்களுக்காக வைக்கும் பூசைக்குப் பெயர் எழுதிக்கொள்வது செல்வதாஸின் வேலை. காலைப் பூசை முடிந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். கல்யாணமாகி நான்கு மாதம் கழித்து, பிரிஜா முதல் தடவையாகத் தனியே வந்திருந்தாள்.

"பேரு தெரியாது மாமா. பெண்ணு. ஏழு வயசு."

"ஒனக்கு என்ன உறவு?"

"தங்கச்சி."

செல்வதாஸ் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அவளைத் தெரியும். வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"ஒனக்கு ஏதுட்டி தங்கச்சி?"

அவள் சொன்னாள்.

நர்சிங் படிக்கும்போது கல்லூரியில் ஒரு முகாம் நடந்தது. ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஸ்டெம் செல் தானம் செய்ய விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக்கொண்டார்கள். வரிசையில் முன்னால் நின்றவள் கொடுத்தாள், இவளும் கொடுத்தாள். பிறகு மறந்தும் போனாள்.

இந்த ஏப்ரலில் சென்னையிலிருந்து போன் வந்தது. ஒரு சிறுமிக்கு இவளுடையது பொருந்தலாம் என்றார்கள். நாகர்கோவிலில் ஒரு லேபில் போய் ரத்தம் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் ஒரு டாக்டரே கூப்பிட்டார். அவர் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

நோயை எதிர்க்கும் மரபணுக்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பெரும்பாலும் மொத்தமாகவே வரும், எப்போதாவதுதான் துண்டுகள் இடம் மாறிக் கலக்கும் என்றார். என்றைக்கோ ஒரு முன்னோரிடம் அப்படி இரண்டு துண்டுகள் மாறி ஒட்டி, புதிதாக ஒன்று உண்டாகியிருக்கிறது. உலகத்தில் எந்தப் பட்டியலிலும் அது கிடையாது. எத்தனையோ தலைமுறை உடையாமல் வந்து, இப்போது இரண்டு பேரிடம் அகப்பட்டிருக்கிறது. அந்தச் சிறுமியிடமும் பிரிஜாவிடமும். மற்றதெல்லாமும் பொருந்துகிறது.

"நீங்க ரெண்டு பேரும் எப்பவோ ஒரே குடும்பம்மா" என்றார்.

பெயரும் ஊரும் சொல்லக் கூடாதாம். பெண், வயது ஏழு. அவ்வளவுதான் சொன்னார்.

பிரிஜா அன்றைக்கு, தான் இரண்டாம் வகுப்பில் எடுத்த போட்டோவைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கும் இந்த முகம்தான் இருக்கும் என்று தோன்றியது.

செல்வதாஸின் கண் கலங்கிவிட்டது.

"நீ குடுத்தும் பிழைக்கல்லியா? அழாத மக்கா. ஒனக்கு முடிஞ்சத நீ செய்தாச்சு."

அப்படியே எழுந்து போயிருக்கலாம். அவள் எழவில்லை.

"நான் குடுக்கல்ல மாமா."

கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அம்மா பயந்தாள். முதுகெலும்பில் ஊசி போடுவார்கள், அப்புறம் வயிற்றில் பிள்ளை தங்காது, மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் எல்லாம் போச்சு என்று அழுதாள்.

அதெல்லாம் பொய் என்று பிரிஜாவுக்குத் தெரியும். சில நாள் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு கையில் ஊசியைச் செருகிக்கொண்டு நாலைந்து மணி நேரம் படுத்திருந்தால் போதும் என்பதும் தெரியும். படித்தவள். ஆனாலும் அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். கல்யாணம் கழியட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை, இப்போது முடியாது என்று சொல்லிவிட்டு அந்த எண்ணை பிளாக் செய்தாள்.

கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம், புருஷன் வேலைக்குப் போன பிறகு, அவளே அந்த எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். நான் வருகிறேன், எங்கே வர வேண்டும் என்று கேட்டாள்.

எடுத்த பெண் கம்ப்யூட்டரில் தேடினாள்.

"இனி தேவைப்படாது மேடம்."

"வேற ஆள் கெடச்சாச்சா?"

சந்தோஷமாகத்தான் கேட்டாள் பிரிஜா.



"வேற ஆள் இல்ல மேடம். நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."