மன்றாட்டு வாசிப்பவர்

“பிடிச்சால் புளியங்கொம்பாய்ப் பிடி, இல்லாட்டில்...”

ஊரில் சின்னையா இந்தப் பழமொழிக்குப் பிறகும் ஏதோ சொல்லுவார். மிச்சம் ஜோக்கிமுக்கு ஞாபகம் வரவில்லை. மகளை ஏசுவதற்கு வந்த பாதியே போதுமாயிருந்தது.

“சனம் பிள்ளையளை டொக்டருக்குப் படிப்பிக்குது. நீ டொக்டருக்குப் பக்கத்திலை நிக்கிறதுக்குப் படிக்கப் போறாய்.”

“சும்மா நிக்கிறேல்லை அப்பா. பிசிசியன் அசிஸ்டன்ற் எண்டால் நோயாளியைப் பாத்து மருந்தும் எழுதலாம். எத்தினை தரம் சொல்லுறது?” அமலினி சப்பாத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

இத்தாலியில், பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இரண்டாம் வருடம். முடித்ததும் அமெரிக்காவில் மாமி வீட்டில் நின்று அந்தப் படிப்பு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்க முன்னமே, நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த அனுபவத்தை மணிக்கணக்கில் காட்டவேண்டுமாம். வகுப்பு முடிந்த கையோடு பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு ஓடுவாள்.

“நான் கிழமை முழுக்க வேலைவீட்டு இத்தாலிக் கிழவி சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திறது, நீ அந்த வேலைக்குப் போகக்கூடாதெண்டு. நீ அதையே படிப்புக்குச் சேத்து வைக்கிறாய்.”

அதையும் ஜோக்கிம் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத் தமிழ்ப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பவர் அவர். வாசிப்பவரின் மகளை மாதக்கணக்காய்ப் பூசையில் காணவில்லை.

இன்றைய தாளையும் கண்ணாடி முன் நின்று வாசித்துப் பார்த்திருந்தார். ‘பாரிசவாதத்தால் படுக்கையிலிருக்கும் எங்கள் சகோதரி அகஸ்ரீனாவுக்காக...’ அந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும். அது அவருக்கு நன்றாக வரும்.

“கோயிலிலை மரியா அக்கா கேக்கிறா, ‘மகள் வேதம் மாறிட்டாளோ’ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? ஆண்டவருக்கு நேரமில்லை, அமெரிக்காவுக்கு மணித்தியாலம் சேக்கிறாள் எண்டோ?”

“வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ.”

“நீ மூடு. இண்டைக்கும் பூசைக்கு வராட்டில் அமெரிக்காவும் இல்லை, ஒண்டும் இல்லை. மாமிக்கு நானே போன் எடுத்துச் சொல்லுறன்.”

அமலினி நிமிர்ந்தாள்.

“ஞாயிறு போறது அந்த மணித்தியாலக் கணக்கிலை வராது அப்பா.”

“பிறகென்னத்துக்குப் போறாய்?”

“ஹோமுக்குப் போறேல்லை. பல்லரோச் சந்தைப் பக்கம். அகஸ்ரீனா அன்ரியிட்டை.”

ஜோக்கிமின் கை சட்டைப்பையிலிருந்த தாளைத் தொட்டது.

“அந்த வீட்டிலை ஆக்கள் இருக்கினம்தானே?”

“ஓம், மற்ற நாளிலை முறை வைச்சுப் பாக்கினம். இந்த நேரம் ஒருத்தரும் இல்லை. திரும்பிப் படுக்கவும் அவவாலை ஏலாது.”

“எல்லாரும் எங்கை போட்டினம்?”

“பூசைக்கு. நீங்கள் வாசிக்க, அவவுக்காக மன்றாட.”



“இதை ஏன் இவ்வளவு நாளும் என்னட்டைச் சொல்லேல்லை?”

“அன்ரிதான் வேண்டாமெண்டவ. தெரிஞ்சால் சனம் எல்லாம் பூசையை விட்டிட்டுத் தன்னைப் பாக்க வந்திடுமாம்.”

ஜோக்கிம் தாளை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். “நீ போய் வாசி” என்றுவிட்டு, பல்லரோப் பக்கம் நடந்தார்.